வண்டுக்குத் தைத்த சட்டை

“குரல் நன்று. வண்டு வேண்டாம்” என்று முதல் தடவை பதில் வந்தபோது மைக்கம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தான் அனுப்பிய ஒலிப்பதிவைத் தானே காதில் மாட்டிக் கேட்டுப் பார்த்தாள். அவள் குரலுக்குப் பின்னால், கதவிடுக்கில் அகப்பட்ட வண்டு மாதிரி ஏதோ ஒன்று விடாமல் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. லேப்டாப்பின் விசிறி.

இரண்டாம் தடவை வந்த பதில் அதைவிடச் சின்னது. “வண்டு வளர்ந்திருக்கிறது.”

மூன்றாவது பதிவை இன்று சாயந்திரம் ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். மூன்றோடு சரி, நான்காவது வாய்ப்பு கிடையாது. பார்வை இல்லாதவர்களுக்காகப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்துவைக்கும் நூலகம் அது. அவர்களுக்கு வேண்டியது புதிதாக ஒரே ஒரு வாசிப்பாளர். வீட்டிலிருந்தே படித்து அனுப்பலாம்.

மைக்கம்மா என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். பத்தொன்பது வருஷம் பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது எத்தனை நிமிஷம் தாமதம் என்று சொன்னவள். ஒருநாள் அந்த வேலையை ஒரு இயந்திரக் குரல் எடுத்துக்கொண்டது. மீதி வருஷங்களை, காணாமல்போன குடைகளையும் பைகளையும் பாதுகாக்கும் ஜன்னலில் கழித்துவிட்டு ஓய்வு பெற்றுவிட்டாள்.

“ரிட்டயர் ஆயாச்சு. இன்னும் எதுக்கு இந்தத் தொண்டைய இந்தப் பாடு படுத்தற?” என்று காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது கணவர் கேட்டார். அவர் பஸ் டிரைவர். அவள் அறிவித்த வண்டிகளில் பாதியை அவரே ஓட்டியிருப்பார்.

“பத்தொன்பது வருஷம் நான் சொன்னத ஒருத்தராவது உக்காந்து கேட்டிருப்பாங்களா? நான் வாயத் தொறந்ததும் எல்லாரும் பையத் தூக்கிட்டு எழுந்து ஓடினாங்க. உக்காந்து கேக்கறவங்களுக்கு ஒரு தடவையாவது சொல்லிப் பாக்கணும்.”

“நான் கேக்கலியா?”

“நீங்க உக்காந்தா தூங்கிடுவீங்க.”

அவர் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே சிரித்தார். “என் வண்டியில எங்கயாவது கடகடன்னு சத்தம் வந்தா பாட்ட கொஞ்சம் கூட்டி வச்சுடுவேன். நீயும் கொஞ்சம் சத்தமா படியேன்.”

“அந்த வண்டி வழியில நின்னு போச்சே, அதையும் சொல்லுங்க.”

அவர் அதைச் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டார்.

கூடத்தில் ஜன்னலோரம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவள் பாப்பா, அவருடைய தங்கை. நாற்பத்தாறு வயது, முன்தலையில் ஒரு பிடி நரை, மூக்குநுனியில் கண்ணாடி, ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான். அவள் கடை வைத்திருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறோம் என்று சொல்லிக் காலி செய்யச் சொன்னார்கள். கடைக்கு மேலேதான் அவள் குடியிருந்த அறையும். இரண்டு மாசத்துக்கு என்று சொல்லி, மெஷின், வெட்டுமேஜை, துணி மூட்டை சகிதம் இங்கே வந்தவள். இது எட்டாவது மாசம்.

ஒவ்வொரு மாசமும் ஒன்றாம் தேதி அவள், “அடுத்த மாசம் போயிடறேன் அண்ணி” என்பாள். “உன்னை யார் போகச் சொன்னா?” என்று மைக்கம்மா கேட்பாள். அத்தோடு அந்தப் பேச்சு அடுத்த ஒன்றாம் தேதி வரைக்கும் மூடிக்கிடக்கும். போ என்று யாரும் சொன்னதில்லை. இரு என்றும், யோசித்துப் பார்த்தால், யாரும் சொன்னதில்லை.

வெட்டுமேஜையின் ஒரு கோடியில் பச்சைத் துணி குவிந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு நாற்பது ஸ்கர்ட், இன்று ராத்திரிக்குள் கொடுக்க வேண்டும். இன்னொரு கோடியில் மைக்கம்மாவின் லேப்டாப், சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சட்டை என்றால் சட்டையேதான். முதல் பதில் வந்த அன்று பாப்பா தைத்தது. வெளியே சாம்பல் நிறத் துணி, உள்ளே வழுவழுப்பான லைனிங், நடுவில் ஒரு விரல் கனத்துக்கு வெள்ளைப் பஞ்சு. விளிம்பெல்லாம் துணியை உருட்டி மடித்துப் போட்ட குழாய்த்தையல். ஒயர் நுழைய ஒரு சின்னக் கைத்துளை, அதற்குக் காஜா வேறு. திரையையும் எழுத்துப் பலகையையும் தவிர மிச்சம் எல்லாம் போர்த்தியிருந்தது. சத்தம் வெளியே வராதாம்.

“பக்கத்துல வரிசையா ஓட்டை ஓட்டையா இருந்துச்சு அண்ணி. தூசி போயிடும்னு அதையும் சேத்து மூடிட்டேன்” என்று அன்றைக்கு அவள் சொன்னபோது, மைக்கம்மாவும் “கெட்டிக்காரிதான்” என்று சொல்லித் தொலைத்திருந்தாள்.

இப்போது அவள் சட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

“இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குது பாப்பா.”

மெஷின் நின்றது. “சட்டை போட்டா கொஞ்சம் கதகதன்னு இருக்கத்தானே செய்யும்?”

“இது கதகதப்பு இல்ல. கை வெந்துடும் போல இருக்கு.”

பாப்பா மெஷினை மிதித்தாள். பச்சைத் துணி கடகடவென்று ஓடியது.

மைக்கம்மா சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

“வச்சிட்டுப் போங்க மேடம். வியாழக்கிழம பாத்துத் தரேன்.”

“இன்னிக்கு என்ன கிழம?”

“திங்கள்.”

“எனக்கு இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வேணும்.”

“அப்ப வீட்லயே தொறந்து தொடச்சிடுங்க. தொறக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. திரும்ப மூடறதுதான் வித்தை.” அவர் எதையோ மென்றுகொண்டே பேசினார். “ஆஃப் பண்ணி நல்லா ஆற விடுங்க. கீழ்த்தகட்டக் கழட்டினா பெருசா கறுப்பா பேட்டரி இருக்கும். அதோட ஒயர மொதல்ல உருவி விட்டுடணும். அப்புறம் விசிறிய விரலால புடிச்சுக்கிட்டு தொடைக்கணும், சுத்த விடக்கூடாது. ஆமா, அது மேல ஏதாவது போட்டு மூடி வச்சிருக்கீங்களா?”

மைக்கம்மா சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். “சும்மா… ஒரு துணி.”

“துணிய எடுங்க மொதல்ல. மூக்க மூடிட்டு மாடிப்படி ஏறச் சொன்னா யாராலயும் முடியாது. அதான் அது அப்படிக் கத்துது.”

அறிவிப்புப் பழக்கத்தில், அவர் சொன்னதையெல்லாம் ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்; கூடத்தில் மெஷின் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. துணியை எடு என்று சொல்வது ஒரு பேச்சா? சட்டென்று சொல்லிவிடலாம்தான். ஆனால் பாப்பாவிடம், நீ தைத்தது சரியில்லை என்று எட்டு மாசத்தில் யாரும் சொன்னது கிடையாது. சொன்னால் சண்டை போடமாட்டாள். அதுதான் தொல்லை. பேசாமல் மூட்டை கட்டிவிடுவாள்.

அவள் கூடத்துக்கு வந்தாள். “பாப்பா, கடைக்காரர் என்ன சொல்றார்னா…”

“கேட்டுச்சு.”

“கதவு சாத்தியிருந்துச்சே.”

“நீங்க பத்தொன்பது வருஷம் மைக்குல பேசினவங்க அண்ணி. ரகசியம் பேசினா அடுத்த தெருவுல பஸ் ஏறிடுவாங்க.” அவள் மெஷினை விட்டு எழுந்தாள். வெட்டுமேஜைக்கு வந்து, லேப்டாப்பின் சட்டையைப் பொத்தான் பொத்தானாகக் கழற்றினாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கழற்றுவது போல மெதுவாக. “என் சட்டைதான் அதோட மூச்ச முட்ட வச்சிருக்கு. நேரா சொல்ல வேண்டியதுதானே?”

“நேரா சொன்னா நீ அடுத்த மாசம் போயிடறேன்னு ஆரம்பிப்ப.”

“அது ஒண்ணாம் தேதிதான் சொல்லுவேன். இன்னிக்குப் பதினேழு.” சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள். “ஸ்க்ரூ தானே? குடுங்க இங்க.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப நான் பண்றேன். எனக்கு ஸ்க்ரூ டிரைவர் புடிக்கவாவது தெரியும்.”

மணி பதினொன்றரை. வேறு வழியும் இல்லை.

லேப்டாப் ஆறட்டும் என்று அரை மணி நேரம் விட்டார்கள். அதற்குள் பாப்பா இரண்டு ஸ்கர்ட்டுக்கு இடுப்புப் பட்டி வைத்து முடித்தாள். பிறகு மேஜையில் பழுப்புக் காகிதத்தை விரித்தாள், ரவிக்கைக்கு அளவு வெட்டுகிற அதே காகிதம். அதன்மேல் லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்து, சாக்குக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டாள். லேப்டாப்பை நகர்த்தியதும் காகிதத்தில் அதன் உருவம் மட்டும் இருந்தது. ஒரு ஸ்க்ரூவைக் கழற்றுவாள். எந்த மூலையில் எடுத்தாளோ, காகிதத்தில் அதே மூலையில் வைப்பாள். பக்கத்தில் ஒரு சின்ன வட்டம்.

“இது எதுக்கு?”

“எல்லாம் ஒரே மாதிரி தெரியும். மாட்டும்போது பாத்தா ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டை. வலக்கையக் கொண்டுபோய் இடப்பக்கம் வச்சுத் தச்சா என்ன ஆகும்?”

“அப்படித் தச்சிருக்கியா?”

“ஒரே ஒரு தடவ. அந்த மனுஷன் போட்டுக்கிட்டு போயிட்டார். ஒரு வாரம் கழிச்சுதான் கண்டுபிடிச்சார்.”

எட்டு ஸ்க்ரூ வந்துவிட்டது. தகடு அசையவில்லை. பாப்பா நகத்தால் தடவிக்கொண்டே போய், பின்னங்கால் ரப்பர் இரண்டையும் ஊசிமுனையால் நெம்பினாள். அடியில் இன்னும் இரண்டு ஒளிந்திருந்தன.

“மறைவுத் தையல்” என்றாள் திருப்தியாக.

தகடு கழன்றது. மைக்கம்மா மூச்சை நிறுத்திக்கொண்டு குனிந்தாள். பேட்டரி ஒயரை உருவினார்கள். மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு விசிறி. அதன் வாயில், செதில் செதிலாக இருந்த செம்புத் தகட்டுக்கு முன்னால், ஒரு திரி மாதிரி ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. அது தூசி இல்லை. அழுத்தி வைத்த கம்பளித்துண்டு போல இருந்தது.

பாப்பா மெஷினில் நூல் கோர்க்கிற இடுக்கியை எடுத்து, அதன் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள்.  உடையாமல், ஒரே பட்டையாக வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

“அண்ணி, இங்க பாருங்க.”

பட்டையில் நிறம் நிறமாக வரி இருந்தது. செம்பை ஒட்டியிருந்த அடிவரி வெளிர்நீலம். அதன்மேல் அரக்குச் சிவப்பு. அதன்மேல் பச்சை. எல்லாவற்றுக்கும் மேலே புதுசாக ஒரு வெள்ளைப் படலம்.

“இந்த நீலம் ஆஸ்பத்திரி நர்சுங்களோட கோட்டு” என்றாள் பாப்பா. “இங்க வந்ததும் தச்ச மொத ஆர்டர். இந்தச் செவப்பு ஓட்டல்காரங்களுக்கு. நாலு மாசம் அதத்தான் தச்சேன், பாருங்க எவ்வளவு கனமா இருக்கு. பச்சை இந்த ஸ்கர்ட்டு. வெள்ளை…” அவள் ஓரமாக மடித்து வைத்திருந்த சட்டையைப் பார்த்தாள். “அதுவும் என்னுதுதான். பஞ்சு.”

மைக்கம்மா குனிந்து வரிகளை எண்ணினாள்.

“வந்த நாள்லேர்ந்து ஒரு நாள் விடாம எல்லாத்தையும் இது முழுங்கியிருக்கு. இருக்க எடம் குடுத்தீங்க. உங்க மெஷின் கழுத்தையே புடிச்சிருக்கேன்.”

“இரு” என்றாள் மைக்கம்மா. அவள் மூக்கு எதையோ பிடித்துவிட்டது. பட்டையை வாங்கி முகர்ந்தாள். விரலில் பிசுக்கென்று ஒட்டியது. “இது என்ன வாசனை? உன் மெஷின் எண்ணெய் வாசனை மாதிரி இருக்கே?”

பாப்பாவின் முகம் போன போக்கிலேயே பதில் வந்துவிட்டது.

“மூணு சொட்டுதான்” என்றாள்.

“எப்ப?”

“சட்டை தச்சதுக்கு மறுநாள். நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. எந்த மெஷின் கத்தினாலும் மூணு சொட்டு விட்டா அடங்கிடும் அண்ணி. இருபத்தெட்டு வருஷமா எனக்கு அதான் பழக்கம். அந்த ஓட்டை வழியா விட்டேன். நீங்க வர்றதுக்குள்ள சரியாயிடும், வந்து ஆச்சரியப்படுவீங்கன்னு நெனச்சேன்.”

“நெனச்சதுதான் நடந்திருக்கு. ஆச்சரியமாத்தான் இருக்கு.”

அதனால்தான் வண்டு வளர்ந்திருக்கிறது. நூலும் பஞ்சும் எண்ணெயில் ஒட்டிக் கெட்டித்துப்போயிருக்கின்றன. மைக்கம்மாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏறியதை இறக்க ஒரு நல்ல வார்த்தை தேடினாள். பத்தொன்பது வருஷத்தில், நாற்பது நிமிஷத் தாமதத்தைக்கூட நிதானமாகச் சொன்ன வாய். இப்போது ஒன்றும் அகப்படவில்லை.

“கேக்காம ஏன் விட்ட?”

“கேட்டா வேண்டாம்பீங்க.”

“வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்.”

“அதான் கேக்கல.” பாப்பா இடுக்கியை மேஜையில் வைத்தாள். “எட்டு மாசமா இந்தக் கூடத்தையே அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஏதாவது ஒரு வேலைக்காவது ஆகணும்னு இருந்துச்சு.”

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். மைக்கம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நானும் ஒண்ணு சொல்லணும். போன வாரம் நீ பால் வாங்கப் போனப்ப, வண்டு வளர்ந்தது உன் மெஷினாலயோன்னு சோதிச்சுப் பாக்க கொஞ்சம் பதிவு பண்ணினேன். உன் மெஷின் நின்னிருந்துச்சு. ஆனா வண்டு கேட்டுச்சு. அதக் கேட்டதும் எனக்கு ஏமாத்தமா போச்சு.”

“ஏன்?”

“அது உன் மெஷினோட சத்தமாவே இருக்கணும்னு ஆசைப்பட்டிருக்கேன்.”

பாப்பா அவளையே பார்த்தாள். “இருந்திருந்தா?”

“உன்னைத் திட்டியிருப்பேன். சுலபமா முடிஞ்சிருக்கும்.”

பாப்பா, “இப்பவும் திட்டலாமே, காரணம்தான் கையிலயே இருக்கே” என்று பட்டையைக் காட்டினாள்.

“திட்றேன். சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல. இப்ப மணி ஒண்ணு. அந்த பிரஷ்ஷ எடு.”

மெஷினில் அடிநூல் சுற்றும் பாபின் பெட்டியைத் துடைக்கிற குட்டி பிரஷ் வந்தது. மைக்கம்மா விசிறியைச் சுற்ற விடாமல் விரலால் பிடித்துக்கொண்டாள். பாப்பா ஒவ்வொரு இதழாகத் துடைத்தாள். செம்புச் செதில்களுக்கு நடுவே ஊசியால் வகிடு எடுத்து, மிச்ச நூலை இழுத்தாள். எண்ணெய்ப் பிசுக்குக்கு, முதலுதவிப் பெட்டியில் இருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒற்றி ஒற்றி எடுத்தாள். துடைத்து முடித்ததும் அவள் வலது கை தானாகவே மேஜைக்கு அடியில் போய், எண்ணெய்க் குப்பியைத் தேடியது.

“கை எங்க போகுது?”

“பழக்கதோஷம்” என்று கையை முன்னால் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மூடும்போது கடைக்காரர் பயமுறுத்தியபடி ஒன்றும் ஆகவில்லை. பழுப்புக் காகிதத்தில் எல்லாம் அதனதன் இடத்தில் காத்திருந்தன. பேட்டரி ஒயரைச் செருகியதும், குட்டை ஸ்க்ரூ குட்டைக் குழியிலும் நெட்டை நெட்டைக் குழியிலும் போய் உட்கார்ந்தன. கடைசியில் காகிதத்தில் வட்டங்கள் மட்டும் பாக்கி.

மைக்கம்மா பொத்தானை அழுத்தினாள். திரை வெளிச்சமானது. விசிறியில் சத்தம் இல்லை. காதை வைத்துக் கேட்டாள். கொஞ்சம்கூட இல்லை.

“ரொம்ப அமைதியா இருக்கே” என்றாள் பாப்பா.

“அதான் பயமா இருக்கு. சுத்தவே இல்லையோ?”

“கத்தினாலும் பயம். கத்தலன்னாலும் பயமா?”

“பஸ் கிளம்பலன்னாலும் சத்தம் வராது.”

இரண்டு பேரும் இரண்டு பக்கமும் குனிந்து, ஆளுக்கொரு காதை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். மைக்கம்மாவின் மனசில் வியாழக்கிழமை, ஐந்து மணி, நூலகம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஓரத்தில் வைத்த கை லேசாகச் சூட்டை உணர்ந்தபோது, உள்ளே எங்கோ ஒன்று அசைந்தது. அதன்பின் காற்று வந்தது, தூங்குகிற பிள்ளையின் மூச்சுப் போல. விரல் பட்டால் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை.

“சூடு ஏறினாத்தான் சுத்துமா?” என்றாள் பாப்பா.

“உங்க அண்ணன் மாதிரி” என்றாள் மைக்கம்மா.

பாப்பா சிரித்துக்கொண்டே கை நீட்டிச் சட்டையை எடுத்தாள், மறுபடி போட்டுவிட. பாதியில் கை நின்றது. சட்டையை மேஜையில் பரப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தையல் பிரிக்கிற கத்தியை எடுத்து, தான் போட்ட குழாய்த்தையலைத் தானே பிரிக்க ஆரம்பித்தாள்.

“என்ன பண்ற? ஒரு நாள் உழைப்பு.”

“சும்மா இருங்க அண்ணி.”

பஞ்சு வைத்த துணியிலிருந்து நாலு சின்னச் சதுரம் வெட்டினாள். நாலையும் சுருட்டி, பஞ்சு வெளியே வராமல் ஓரம் மடித்து, கையாலேயே தைத்தாள். நாலு குட்டித் தலையணை. லேப்டாப்பின் நாலு மூலைக்கும் ஒவ்வொன்று. தூக்கி வைத்ததும் அடியில் இரண்டு விரல் இடைவெளி. காற்று தாராளமாகப் போய் வரலாம்; மேஜையும் அதிராது.

“காத்து போற ஓட்டைய மூடக் கூடாது, அவ்வளவுதானே?” என்றாள்.

மணி நாலு. படிக்க வேண்டியது பத்துப் பக்கம், நாற்பது நிமிஷம். நடுவில் நிறுத்தி வெட்டி ஒட்டுவதெல்லாம் மைக்கம்மாவுக்குத் தெரியாது. தொடங்கினால் முடிக்க வேண்டியதுதான்.

“இன்னும் பதினோரு ஸ்கர்ட் பாக்கி இருக்கு உனக்கு” என்றாள்.

“இருக்கட்டும். மெஷின நிறுத்திட்டேன். இடுப்புப் பட்டிக்குக் கைத்தையல் இருக்கு. ஊசிக்குச் சத்தம் கிடையாது.”

அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு, முக்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மைக்கம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள், தண்ணீர் ஒரு வாய் குடித்தாள். சிவப்புப் புள்ளியை அழுத்தினாள்.

நூலகம் கொடுத்திருந்த கதையில் ஒரு தையல்காரர் வருவார். பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஆள். முதல் இரண்டு தடவையும் மைக்கம்மா இதை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். கூடத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே வீட்டில் இருந்தும் பாப்பா அந்தக் கதையில் ஒரு வரிகூடக் கேட்டதில்லை. இப்போது ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஊசி கொஞ்சம் மெதுவானது. ஐந்தாம் பக்கத்தில் நின்றே போனது. பாப்பா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏழாம் பக்கத்தில், வாடிக்கையாளர் ஒருவர் பேண்ட்டைக் கொண்டுவந்து, ஒரு கால் நீளமாக இருக்கிறது என்று சண்டைக்கு வருவார். தையல்காரர் டேப்பைப் போட்டு அளந்து பார்த்துவிட்டு, “பேண்ட் சரியாத்தான் இருக்கு சார். உங்க கால்தான் ஒண்ணு கட்டை” என்பார். மைக்கம்மா அந்த வரியை, ஒரு பஸ் ரத்தாகிவிட்டதை அறிவிக்கிற அதே மரியாதையோடு படித்தாள்.

பாப்பா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்துவதற்குள் அது வெளியே வந்துவிட்டது. சின்னச் சிரிப்பு இல்லை. குடம் கவிழ்ந்த மாதிரி.

மைக்கம்மாவின் கண் வரியிலிருந்து எழுந்தது. எதிரே பாப்பா பச்சை ஸ்கர்ட்டை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, தலையை ஆட்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்திவிடலாமா? மணி நாலு முப்பது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினால் ஐந்துக்குள் முடியாது. ஆனால் அவள் நிறுத்தாததற்கு அது மட்டும் காரணம் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் அவள் வாயைத் திறந்தபோது ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது இதுதான் முதல் தடவை. அவள் அடுத்த வரியைப் படித்தாள். குரல் இன்னும் கொஞ்சம் தெளிவாக வந்தது.

நாலு நாற்பத்தாறுக்கு முடிந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள்.

“கெடுத்துட்டேன் அண்ணி” என்றாள் பாப்பா.

“வாய மூடு. விசிறி கேட்கல இல்ல?”

“கேட்கல. என் சிரிப்புதான் கேட்டுச்சு.”

“அந்த வரிக்கு அப்படி என்ன சிரிப்பு?”

“நான் அதையே ஒருத்தர்கிட்ட சொல்லியிருக்கேன். அப்படியே. அவரும் தன் காலக் குனிஞ்சு பாத்துட்டு, ஆமாம்மா, இருக்கும்னு சொல்லிட்டுப் போயிட்டார்.”

ஆறரை மணிக்குப் போன் வந்தது. நூலகத்தில் பதிவுகளைக் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் அம்மாள். எழுத்தில் எப்படியோ பேச்சிலும் அப்படியே, சுருக்கம்.

“வண்டு எங்க போச்சு?”

“தையல்காரங்க புடிச்சிட்டாங்க மேடம்.”

“ஏழாம் பக்கத்துல சிரிக்கறது அவங்களா?”

மைக்கம்மா பாப்பாவைப் பார்த்தாள். “ஆமா. என் நாத்தனார்.”

“இங்க கேக்கறவங்க மூணு பேருக்குப் போட்டுக் காட்டினேன். மூணு பேரும் அவங்களோட சேந்து சிரிச்சாங்க. ஆனா புத்தகத்துல ரெண்டாவது ஆள் குரல் இருக்கக் கூடாது. அந்தப் பக்கத்த மட்டும் நாளைக்குத் திரும்பப் படிச்சு அனுப்புங்க.”

“அனுப்பறேன் மேடம். அப்ப… என்னைச் சேத்துக்கிட்டீங்களா?”

“சேக்கறதாலதானே திரும்பப் படிக்கச் சொல்றேன். அடுத்த புத்தகம் தபால்ல வரும். முந்நூறு பக்கம்.” கொஞ்சம் நிறுத்தினார். “நாளைக்குப் படிக்கும்போது அவங்கள வெளியில உக்காரச் சொல்லுங்க.”

பேசி முடித்த பிறகும் மைக்கம்மா போனை வைக்கவில்லை, அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள். பாப்பா எழுந்து வந்து, அதை வாங்கி மேஜையில் வைத்தாள்.

“ஸ்பீக்கர் போடாமலே எல்லாம் கேட்டுச்சு” என்றாள். “நாளைக்கு நான் எங்கயாவது வெளிய போயிடறேன் அண்ணி.”

“ஏன்? வெளிய ஒண்ணும் போக வேண்டாம். வாயில ஸ்கர்ட்ட அடைச்சுக்கிட்டு இங்கயே உக்காரு. கேக்க ஆள் இல்லாட்டி எனக்குக் குரல் எழும்பாது போலிருக்கு.”

“அந்த முந்நூறு பக்கம்?”

“ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம். கணக்குப் போட்டுப் பாரு.”

பாப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்தது கண்ணாடிதானா என்று மைக்கம்மா கவனிக்கவில்லை, கவனிக்காத மாதிரி இருந்துகொண்டாள்.

“ஒரு மாசம் ஆயிடுமே” என்றாள் பாப்பா. “அப்ப அடுத்த மாசம் போக முடியாது.”

“முடியாதுதான். அதுக்கப்புறமும் புத்தகம் வரும். இனி நீ இங்கயேதான் இரு. அதுக்கு ஒண்ணாம் தேதி வரைக்கும் காத்திருந்து சொல்லணுமா?”

பாப்பா மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். மைக்கம்மா லேப்டாப்பைத் தலையணைகளோடு தூக்கி அறைக்குள் கொண்டுபோய், நூல் பறக்காத இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். பிறகு பச்சைக் குவியலிலிருந்து ஒரு ஸ்கர்ட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்தாள்.

“அஞ்சு மணிக்கு மேல திட்றேன்னு சொன்னீங்களே” என்று பாப்பா மெஷினைப் பார்த்துக்கொண்டே ஞாபகப்படுத்தினாள்.

“மறக்கல. பதினோரு ஸ்கர்ட் முடியட்டும். இந்தப் பொத்தான் எந்தப் பக்கம் வைக்கணும்?”

“இடது பக்கம் அண்ணி. எட்டு மாசமா பாத்துக்கிட்டுதானே இருக்கீங்க.”